எசேக்கியேல் நூலின் நாடுகடத்தல் அடையாளச் செயல்: எச்சரிக்கையும் அதைக் கண்டோரும்

ஆய்வுச் சுருக்கம்

எபிரேயத் தீர்க்கதரிசியான எசேக்கியேல், நாடுகடத்தப்படுவோர் சுமந்து செல்லும் மூட்டையைப் பகலில் கட்டி, மாலையில் சுவரைத் துளைத்து, இருளில் முகத்தை மூடிக்கொண்டு வெளியேறிய செயல் அவர் பெயரிலான நூலின் 12ஆம் அதிகாரத்தில் இடம்பெறுகிறது. இது எருசலேமின் வீழ்ச்சியையும் அதன் அரசன் சிதேக்கியாவின் முடிவையும் முன்னறிவித்ததாகவே பெரிதும் விளக்கப்பட்டு வந்துள்ளது. ஆனால் இச்செயலைக் கண்முன் கண்டவர்கள் எருசலேம் மக்கள் அல்லர். முன்னரே நாடுகடத்தப்பட்டுப் பாபிலோனியாவில் வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு இவ்வெச்சரிக்கை எதன் பொருட்டுத் தரப்பட்டது என்பதை வரலாற்றுப் பின்னணி, செயலமைப்பு, சொல்லாட்சி ஆகியவற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: எசேக்கியேல், அடையாளச் செயல், நாடுகடத்தல், சிதேக்கியா, விவிலியத் தமிழ்

முன்னுரை

எச்சரிக்கை என்பது வரவிருக்கும் துன்பத்தை அதற்கு ஆளாகப்போகிறவர்க்கு முன்கூட்டியே உணர்த்துவது. நாடுகடத்தல் பற்றிய எச்சரிக்கை, தம் நாட்டில் வாழ்வோர்க்கு உரியது என்று கொள்வதே இயல்பு. எசேக்கியேல் நூலின் 12ஆம் அதிகாரம் இவ்வியல்புக்கு மாறாக அமைந்துள்ளது. நாட்டை இழந்து, அயல்நிலத்தில் குடியமர்த்தப்பட்ட மக்களின் நடுவே, அவர்களுள் ஒருவராகிய தீர்க்கதரிசி, நாடுகடத்தலை நடித்துக் காட்டுகிறார். அவர்களுக்கு நேர்ந்து முடிந்த ஒன்றே அவர்கள் முன் மீண்டும் நிகழ்த்தப்படுகிறது.

இம்முரணே இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளி. முன்னறிவிப்பு நிறைவேறிய விதத்தை ஆராய்ந்த அளவிற்கு, அதைக் கண்டோரின் நிலையிலிருந்து இச்செயலை அணுகுதல் தமிழ் வாசிப்பில் இடம்பெறவில்லை. அந்நிலையிலிருந்து நோக்கும்போது, இச்செயல் எருசலேமின் எதிர்காலத்தைக் கூறுவதோடு நில்லாமல், பாபிலோனியாவில் வாழ்ந்தோரின் நம்பிக்கை ஒன்றை உடைப்பதையும் நோக்கமாகக் கொண்டது என்பது புலனாகும்.

1. வரலாற்றுப் பின்னணி

கி.மு. 597இல் பாபிலோனிய அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமைக் கைப்பற்றினான். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ளதும் டி. ஜே. வைஸ்மன் 1956இல் வெளியிட்டதுமான பாபிலோனிய வரலாற்றுக் குறிப்பேடு, அவனது ஏழாம் ஆட்சியாண்டின் ஆதார் மாதம் இரண்டாம் நாளில் யூதாவின் நகரம் பிடிபட்டதையும், அங்கிருந்த அரசன் சிறைப்பட்டதையும், வேறோர் அரசன் அமர்த்தப்பட்டதையும் உறுதிசெய்கிறது. சிறைப்பட்டவன் யோயாக்கீன். அவனுக்கு மாற்றாக அமர்த்தப்பட்டவன் அவன் சிற்றப்பனாகிய மத்தனியா. அவனுக்குச் சிதேக்கியா என்னும் பெயர் சூட்டப்பட்டது. யோயாக்கீனுடன் அரச குடும்பத்தினர், படைவீரர், கைவினைஞர் முதலியோர் பாபிலோனியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் தொகையை அரசர்களின் இரண்டாம் நூல் 10,000 என்றும், எரேமியா நூலின் இறுதி அதிகாரம் 3,023 என்றும் குறிக்கின்றன. பூசி என்பவரின் மகனும் குருமரபினருமான எசேக்கியேல் அவ்வாறு சென்றவர்களுள் ஒருவர். கேபார் என்னும் கால்வாயோரத்துத் தெலாபீபில் அவர்கள் குடியிருந்தனர். நிப்பூர் வட்டாரத்துக் களிமண் ஏடுகள் குறிக்கும் ‘நாரு கபாரி’ என்னும் கால்வாயே இது என ஆய்வாளர் கருதுவர். தெலாபீப் என்னும் பெயர், வெள்ளத்தால் அழிந்த மேடு எனப் பொருள்படும் அக்காதியத் தொடரோடு தொடர்புடையது.

இம்மக்களின் மனநிலையை உணர்வதற்கு மூன்று செய்திகள் துணைசெய்கின்றன. முதலாவது, அவர்களுடைய அரசன் உயிரோடிருந்தான். பாபிலோனில் கண்டெடுக்கப்பட்டு 1939இல் வைட்னரால் வெளியிடப்பட்ட வழங்கற் பட்டியல்கள், யூதாவின் அரசன் யோயாக்கீனுக்கும் அவன் புதல்வர் ஐவருக்கும் எண்ணெய் அளந்து கொடுக்கப்பட்டதைப் பதிவுசெய்கின்றன. இரண்டாவது, எருசலேம் நகரும் அதன் ஆலயமும் அழியாமல் இருந்தன. மூன்றாவது, விரைவில் திரும்புதல் கூடும் என்ற குரல் எருசலேமில் ஓங்கி ஒலித்தது. எரேமியா நூலின் 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்பவன், இரண்டே ஆண்டுகளில் யோயாக்கீனும் ஆலயக் கலன்களும் சிறைப்பட்டோர் அனைவரும் திரும்புவர் என அறிவித்து, எரேமியாவின் கழுத்திலிருந்த மர நுகத்தை உடைத்தெறிகிறான். இதற்கு மாறாக, வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் இட்டு அதன் பயனை உண்ணுங்கள் எனப் பாபிலோனியாவில் உள்ளோர்க்கு எரேமியா மடல் எழுதுகிறார். நீண்டகாலம் தங்கப்போவதை அவர்கள் ஏற்காமையே அம்மடலுக்குத் தேவை ஏற்படுத்தியது.

எசேக்கியேல் நூல் தரும் நாட்குறிப்புகளின் வரிசைப்படி 12ஆம் அதிகாரச் செய்தி கி.மு. 592க்கும் 591க்கும் இடைப்பட்டது. எருசலேம் வீழ்வதற்கு இன்னும் நான்கைந்து ஆண்டுகள் இருந்தன.

2. அடையாளச் செயல் என்னும் வகைமை

சொல்லால் அன்றிச் செயலால் செய்தியைப் புலப்படுத்தல் எபிரேயத் தீர்க்கதரிசிகளிடையே வேரூன்றிய மரபு. ஏசாயா மூன்றாண்டுகள் ஆடையும் காலணியும் இன்றி நடந்து எகிப்தியரும் எத்தியோப்பியரும் சிறைப்படுவதைக் காட்டினார். எரேமியா நுகம் பூண்டார். எசேக்கியேல் செங்கல்லின்மேல் நகரை வரைந்து முற்றுகையிட்டார். தலைமயிரை மழித்து நிறுத்துப் பங்கிட்டார்.

இச்செயல்களை ஆராய்ந்த கியோர்க் ஃபோரர் (1953) அவற்றின் தோற்றத்தைப் பண்டைய மந்திரச் செயல்களோடு ஒப்பிட்டதோடு, தீர்க்கதரிசியின் செயல் இறைக்கட்டளையைச் சார்ந்திருத்தலால் மந்திரத்தினின்றும் வேறுபடுவதையும் சுட்டினார். டேவிட் ஸ்டேசி (1990) இவற்றைத் தீர்க்கதரிசன நாடகம் என்ற நோக்கில் அணுகினார். கெல்வின் ஃப்ரீபெல் (1999) எரேமியா, எசேக்கியேல் இருவரின் செயல்களையும் சொல்சாராத் தொடர்பு முறையாகவும் பார்ப்போரை இணங்கவைக்கும் உத்தியாகவும் விளக்கினார். இவற்றுள் மூன்றாம் அணுகுமுறையே, செயலைக் கண்டோர் யாவர், அவர்களிடம் அது என்ன செய்தது என்னும் வினாக்களுக்கு இடமளிக்கிறது.

இவ்வதிகாரம் தன் செயலைக் குறிக்க ‘மோபேத்’ என்ற எபிரேயச் சொல்லை ஆள்கிறது. விடுதலைப் பயண நூலில் எகிப்தில் நிகழ்ந்த அற்புதங்களைக் குறிக்கவும் இச்சொல் வருகிறது. இங்கு அடையாளம் எனப்படுவது மூட்டையோ சுவரோ அன்று. எசேக்கியேலே அடையாளமாக வைக்கப்படுகிறார் (12:6). செய்பவர் வேறு, குறி வேறு என்ற பிரிவு இல்லை. ஆகவே இதை வெறும் குறியீடு என்பதினும், ஆளே அடையாளமாதல் என்பது பொருந்தும்.

3. செயலின் அமைப்பு

செயல் நான்கு படிகளில் அமைகிறது. பகலில் மூட்டை கட்டப்பட்டு வெளியே கொணரப்படுகிறது. மாலையில் சுவர் துளைக்கப்படுகிறது. இருளில் மூட்டை தோளேற்றப்படுகிறது. நிலத்தைக் காணாதவாறு முகம் மூடப்படுகிறது. மறுநாட் காலையில்தான் விளக்கம் வருகிறது.

துளைக்கப்பட்ட சுவரைக் குறிக்கும் ‘கீர்’ என்ற சொல், பொதுவாக வீட்டுச் சுவருக்கு வழங்குவது. நகர மதிலுக்கு ‘கோமா’ என்ற வேறு சொல் உண்டு. மெசபொத்தேமிய வீடுகள் வெயிலில் உலர்த்திய மண்செங்கல்லால் ஆனவை. கையாலேயே துளைத்ததாக நூல் கூறுவது (12:7) இதனோடு இயைகிறது. செயல் முழுவதும் தெலாபீபின் அன்றாடப் பொருள்களைக் கொண்டே நிகழ்கிறது.

அதிகாரத்தின் தொடக்கத்தில், இம்மக்கள் கண்ணிருந்தும் காணாதவர்கள், செவியிருந்தும் கேளாதவர்கள் எனக் குறிக்கப்படுகின்றனர். அதை அடுத்துவரும் ஐந்து வசனங்களில் (12:3-7) ‘அவர்கள் கண்களுக்கு முன்பாக’ எனப் பொருள்படும் எபிரேயச் சொல் ஏழுமுறை வருகிறது. காணாதவர் எனக் கூறப்பட்டோரின் கண்முன்னேயே ஒவ்வொரு படியும் நிகழவேண்டும் என்பது கட்டளை. எசேக்கியேலோ இறுதியில் தம் கண்ணை மறைத்துக்கொள்கிறார். பார்ப்போர் கண்திறக்கும்பொருட்டுச் செய்பவர் கண்மூடுகிறார் என்ற எதிர்நிலை இச்செயலின் மையத்தில் உள்ளது. அவர்கள் ஒருவேளை உணர்வார்கள் என்ற ஐயத்தோடு கூடிய எதிர்பார்ப்பும் கட்டளையிலேயே இடம்பெறுவதால், முடிவு முன்னரே தீர்மானிக்கப்பட்ட வெற்றுக் காட்சியாக இது அமையவில்லை.

4. மூட்டையும் கண்டோரின் நினைவும்

எசேக்கியேல் கட்டிய மூட்டையைப் பார்ப்போர்க்கு விளக்கவேண்டிய தேவை இருந்ததா? நினிவேயில் சனகெரிபின் அரண்மனையில் இருந்த லாகீசு புடைப்புச் சிற்பங்கள், கி.மு. 701இல் அந்நகரம் வீழ்ந்தபின் மக்கள் வெளியேறுவதைக் காட்டுகின்றன. ஆடவர் தோளில் மூட்டை தொங்குகிறது. மாட்டுவண்டியில் பொருள்கள் ஏற்றப்பட்டுள்ளன. வெற்றிபெற்ற அரசு தன் பெருமைக்காகச் செதுக்கிய இக்காட்சி, தோல்வியுற்றோர் எதை எடுத்துச் செல்ல இயன்றது என்பதற்கும் சான்றாகிறது. தோள் தாங்கும் அளவே அவர்கள் உடைமை.

தெலாபீபில் நின்று பார்த்தவர்கள் சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய மூட்டையைத் தாமே கட்டியவர்கள். எதை எடுப்பது, எதை விடுப்பது என்று முடிவு செய்தவர்கள். ஆதலின் பகலில் மூட்டை வெளியே வந்தபோது அதன் பொருள் அவர்களுக்குத் தெரியாமலிருக்க இயலாது. எனினும் அவர்கள் ‘என்ன செய்கிறீர்’ எனக் கேட்டதாகக் காலைநேர இறைவாக்கு சுட்டுகிறது (12:9). அறிந்த பொருளைப் பற்றிய வினாவாக இதைக் கொள்வதினும், முடிந்துவிட்டதாகக் கருதிய ஒன்று மீண்டும் ஏன் நிகழ்கிறது என்ற வினாவாகக் கொள்வதே பொருத்தம். மூட்டை கட்டுதல் திரும்பிச் செல்வதற்கான ஆயத்தமாகவும் அவர்களுக்குத் தோன்றியிருக்கலாம். மாலையும் இருளும் துளைத்த சுவரும் மூடிய முகமும் அவ்வெண்ணத்தைப் படிப்படியாக அகற்றுகின்றன. ஊர் திரும்புவோர் சுவரைத் துளைத்துச் செல்வதில்லை.

5. சொல்லாட்சி: சுமப்பவனும் சுமையும்

மறுநாட் காலையில் கூறப்படும் விளக்கம், ஒலியொத்த இரு சொற்களால் தொடங்குகிறது (12:10). ‘நாஸீ’ என்பது தலைவனைக் குறிக்கும். ‘மஸ்ஸா’ என்பது சுமையையும் தீர்க்கதரிசன அறிவிப்பையும் குறிக்கும். இரண்டும் தூக்குதல், சுமத்தல் எனப் பொருள்படும் ‘நாஸா’ என்னும் வினையடியோடு தொடர்புடையவை. அவ்வினையே, எசேக்கியேல் மூட்டையைத் தோளேற்றியதைக் கூறுமிடத்திலும், தலைவன் தோளில் சுமந்து இருளில் வெளியேறுவதைக் கூறுமிடத்திலும் (12:12) வருகிறது. மக்களால் உயர்த்தப்பட்டவன் மூட்டை தூக்குபவனாகிறான். அவனே தன் மக்கள்மீது சுமையுமாகிறான். இரட்டுறமொழிதலை நன்கறிந்த தமிழ் மரபில் பயின்றோர்க்கு இதன் செறிவு எளிதில் விளங்கும். பொறு என்னும் அடியிலிருந்து பொறுப்பும், சுமையைக் குறிக்கும் பொறையும் பிறத்தல் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. பொறுப்பேற்றவனே பொறையானான் என்றால் மூலத்தின் ஓசையை ஓரளவு உணரலாம்.

சிதேக்கியாவை எசேக்கியேல் பெரும்பாலும் அரசன் என்னாது ‘நாஸீ’ என்றே அழைப்பதும் கருதத்தக்கது. நூலின் காலக்கணக்கு யோயாக்கீன் சிறைப்பட்ட ஆண்டிலிருந்தே தொடங்குகிறது. பாபிலோனியர் அமர்த்திய சிதேக்கியாவின் ஆட்சிக்கு முழு ஏற்பு வழங்கப்படவில்லை என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன.

நாடுகடத்தலையும் நாடுகடத்தப்பட்டோரையும் குறிக்கும் ‘கோலா’ என்ற சொல்லிலும் ஒரு நுட்பம் உண்டு. அதன் மெய்யெழுத்துகளைக் கொண்ட ‘காலா’ என்னும் வினை, நாட்டைவிட்டு வெளியேறுதல், மறைந்திருப்பது வெளிப்படுதல் ஆகிய இரு பொருளிலும் வழங்குகிறது. வெளி என்னும் தமிழ்ச்சொல் வெளியேறுதலுக்கும் வெளிப்படுதலுக்கும் இடம்தருவதைப் போன்றது இது. எசேக்கியேல் வெளியேறுவதன் வழியே எருசலேமின் முடிவு வெளிப்படுகிறது.

6. முன்னிலையும் படர்க்கையும்

இச்செயல் யாரை நோக்கியது என்ற வினாவுக்கு நேரடிச் சான்று 12:11இன் இலக்கண அமைப்பில் கிடைக்கிறது. எசேக்கியேல் தம்மை ‘உங்கள்’ அடையாளம் என முன்னிலைப் பன்மையில் கூறுகிறார். தாம் செய்தவாறே ‘அவர்களுக்கு’ நிகழும் எனப் படர்க்கையில் தொடர்கிறார். முன்னிலையினர் தெலாபீபில் நிற்போர்; படர்க்கையினர் எருசலேமில் வாழ்வோர். அடையாளம் ஒரு சாரார்க்கு, அது குறிக்கும் துன்பம் மற்றொரு சாரார்க்கு என இலக்கணமே பிரித்துக் காட்டுகிறது.

இப்பிரிவின் ஆழத்தை முந்தைய அதிகாரம் விளக்குகிறது. எருசலேமில் எஞ்சியோர், நாடுகடத்தப்பட்டோரை இறைவனுக்குத் தொலைவானவர்களாகக் கருதி, நாடு தமக்கே உரிமையாகத் தரப்பட்டதாகக் கூறிக்கொண்டனர் (11:15). எஞ்சியிருத்தல் இறையருளின் சான்றாகவும், வெளியேற்றப்பட்டமை தண்டனையின் சான்றாகவும் கொள்ளப்பட்டன. எசேக்கியேலின் மூட்டை இவ்வேறுபாட்டை அழிக்கிறது. எஞ்சியோரும் அதே மூட்டையைச் சுமப்பர். எனவே நாடுகடத்தப்பட்டோர்க்கு இது கசப்பும் ஆறுதலும் கலந்த செய்தி. திரும்பிச் செல்ல நகரம் இருக்கப்போவதில்லை என்பது கசப்பு. நகரை இழந்தமையால் இறைவனால் கைவிடப்பட்டவர் ஆகோம் என்பது அதனுள் பொதிந்த ஆறுதல்.

7. சிதேக்கியாவின் கண்கள்

கி.மு. 587 அல்லது 586இல் எருசலேமின் மதில் உடைக்கப்பட்டது. சிதேக்கியா இரவில் அரசத் தோட்டத்தருகே இரு மதில்களுக்கு இடைப்பட்ட வாயில் வழியே தப்பியோடி, எரிகோச் சமவெளியில் பிடிபட்டான். ரிப்லாவில் அவன் புதல்வர்கள் அவன் கண்முன் கொல்லப்பட்டனர். பின்னர் அவன் கண்கள் பறிக்கப்பட்டன. விலங்கிடப்பட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டான். அந்நகருக்குச் சென்றும் அதைக் காணாமல் அங்கேயே சாவான் என்ற 12:13இன் கூற்று இதனோடு நெருங்கிப் பொருந்துகிறது.

முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ், தம் ‘யூதத் தொன்மைகள்’ நூலின் பத்தாம் பகுதியில் இதையொட்டி ஒரு செய்தியைத் தருகிறார். சிதேக்கியா பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்படுவான் என எரேமியா கூறினார். அவன் பாபிலோனைக் காணமாட்டான் என எசேக்கியேல் கூறினார். இரண்டும் முரண்படுவதாக எண்ணிய சிதேக்கியா இரண்டையுமே நம்பவில்லை என்கிறார். இரண்டும் உண்மையாயின. எச்சரிக்கையின் சொற்களை ஒப்பிட்டு முரண் தேடியவன் அதன் பொருளைத் தவறவிட்டான் என்பது ஜோசபஸின் விளக்கத்தில் அமைந்த படிப்பினை.

இத்தகைய பொருத்தம் காரணமாகவே, அரசனைப் பற்றிய செய்திகள் நிகழ்வுக்குப் பின் சேர்க்கப்பட்டன என்ற கருத்து எழுந்தது. வால்தர் சிம்மர்லி, மக்கள் பொதுவாக நாடுகடத்தப்படுவதைக் காட்டிய மூலச் செயல், பின்னர் சிதேக்கியாவின் முடிவுக்கேற்ப விரித்துரைக்கப்பட்டதாகக் கருதினார். மோஷே கிரீன்பெர்க் (1983) பகுதிகளைப் பிரிப்பதினும் அதிகாரத்தின் முழுமையான கட்டமைப்பை உணர்தலே பயனுடையது என்ற நிலையை மேற்கொண்டார். செயலுக்கும் நிகழ்வுக்கும் இடையே வேறுபாடுகள் உள்ளமை இங்குக் கவனத்திற்குரியது. சிதேக்கியா வாயில் வழியே சென்றான், சுவரைத் துளைக்கவில்லை. முகத்தை மூடுதலும் கண்ணை இழத்தலும் ஒன்றல்ல. முழுதும் நிகழ்வுக்குப்பின் புனையப்பட்டதெனின் இவ்வேறுபாடுகள் நீங்கியிருக்கும். எனவே செயலின் அடிப்படை நிகழ்வுக்கு முந்தியது என்றும், விளக்கத்தின் சில கூறுகள் பின்னர்க் கூர்மையாக்கப்பட்டிருக்கலாம் என்றும் கொள்வது பொருந்தும். எவ்வாறாயினும், 12:10 தலைவனையும் இஸ்ரவேல் மக்கள் அனைவரையும் ஒருங்கே சுட்டுதலால், இச்செயலை ஓர் அரசனின் ஊழாக மட்டும் சுருக்குதல் இயலாது.

8. பழமொழியை எதிர்த்த செயல்

அதே அதிகாரத்தின் பிற்பகுதி, இச்செயலுக்கு எதிராக நின்றது எது என்பதைக் காட்டுகிறது. நாள்கள் நீள்கின்றன, தரிசனங்கள் எல்லாம் பொய்க்கின்றன என்ற கருத்தில் ஒரு பழமொழி மக்களிடையே வழங்கியது (12:22). எசேக்கியேலின் வாக்கை ஒப்புக்கொண்டோரும் அது தொலைக் காலத்திற்குரியது என்று ஒதுக்கினர் (12:27). முதலாவது மறுப்பு, இரண்டாவது ஒத்திவைப்பு. மக்கள் வாயில் பழகிய பழமொழியை மற்றொரு சொல்லால் வெல்லுதல் அரிது. கையும் தோளும் சுவரும் கொண்டு நிகழ்த்தப்பட்ட செயல், வரவிருப்பதை அவ்வூர்த் தெருவிலேயே, அந்த மாலையிலேயே கொண்டுவந்து நிறுத்துகிறது. நடுக்கத்தோடு அப்பம் உண்டு, அச்சத்தோடு நீர் அருந்தும் அடுத்த செயலும் (12:17-20) அன்றாட உணவினுள் எச்சரிக்கையைப் புகுத்துகிறது.

9. தமிழ் மொழிபெயர்ப்பில் நாடுகடத்தல்

1871இல் வெளியான பவர் குழுவினரின் மொழிபெயர்ப்பு, ‘கோலா’ முதலிய சொற்களுக்குச் சிறையிருப்பு என்ற சொல்லைப் பரவலாக ஆண்டது. பழந்தமிழில் சிறை என்பது பகைவரால் பற்றப்பட்ட நிலையைக் குறிக்குமாதலின் அத்தேர்வு பிழையன்று. ஆனால் இன்றைய வாசகர் சிறை என்றதும் பூட்டிய கட்டடத்தையே நினைப்பர். லோரி பியர்ஸ், கொர்னேலியா வுன்ஷ் இருவரும் 2014இல் வெளியிட்ட ஏடுகள், ‘யூதாவின் ஊர்’ எனப் பொருள்படும் பெயர்கொண்ட குடியிருப்பில் யூதர்கள் நிலம் உழுது, வரி செலுத்தி, ஒப்பந்தங்கள் செய்து வாழ்ந்ததைக் காட்டுகின்றன. அவற்றுள் மிகப் பழையது கி.மு. 572ஐச் சேர்ந்தது. எசேக்கியேலின் செயலுக்கு இருபது ஆண்டுகள் பிந்தியதாயினும், நாடுகடத்தப்பட்டோர் வாழ்வு பூட்டிய அறைக்குள் கழியவில்லை என்பதற்கு அது சான்று.

1995இல் வெளிவந்த திருவிவிலியம் நாடுகடத்தல் என்ற சொல்லை மேற்கொண்டமை இவ்வகையில் தெளிவு தருகிறது. சங்கப் பாடல்களிலேயே பயின்று வருவதும், இன்று ஈழத் தமிழர் வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையதுமான புலம்பெயர்தல் என்ற சொல் அயல்நிலத்து வாழ்வை உணர்த்தவல்லது; எனினும் வேற்றரசின் வன்முறையை அது தன்னளவில் சுட்டாது. சிறையிருப்பு வன்முறையைச் சுட்டி வாழ்வை மறைக்கிறது. புலம்பெயர்தல் வாழ்வைச் சுட்டி வன்முறையை மறைக்கிறது. வீடும் சுவரும் அன்றாட உணவும் உடைய ஊரில் நிகழ்ந்த எசேக்கியேலின் செயலை விளங்கிக்கொள்ள இரண்டும் வேண்டும். சிறையில் இருப்போர்க்கு மூட்டை கட்டிக் காட்டுதல் பொருளற்றது. தம் வீடுகளில் அமர்ந்து, விரைவில் திரும்புவோம் என்று காத்திருந்தோர்க்கே அது எச்சரிக்கையாகும்.

முடிவுரை

எசேக்கியேலின் அடையாளச் செயல் எருசலேமைக் குறித்தது; தெலாபீபை நோக்கியது. கண்டோர் தாமே சுமந்த மூட்டையை எசேக்கியேல் மீண்டும் கட்டியதால், அவர்களின் கடந்தகாலமே எருசலேமின் எதிர்காலமாகக் காட்டப்பட்டது. ‘உங்கள்’ அடையாளம், ‘அவர்களுக்கு’ நிகழ்வது என்ற இலக்கணப் பிரிவும், ஏழுமுறை வரும் கண்முன் என்ற சொல்லும், பழமொழிக்கு எதிரான அதிகாரப் போக்கும் இதற்குச் சான்றாகின்றன. உடைக்கப்பட்டது, நகரம் நிலைத்திருக்கும்வரை தமக்கும் நம்பிக்கை உண்டு என்ற எண்ணம்.

இதன் பயன் நகரம் வீழ்ந்தபின் வெளிப்பட்டது. வீழ்ச்சிச் செய்தியைத் தப்பிவந்த ஒருவன் கொண்டுவந்ததை 33ஆம் அதிகாரம் குறிக்கிறது. அதன்பின் நூலில் மீட்பைக் குறித்த வாக்குகளே மேலோங்குகின்றன. உலர்ந்த எலும்புகளின் காட்சி அவற்றுள் ஒன்று. ஆலயத்தையும் அரசனையும் நிலத்தையும் சாராத நம்பிக்கை ஒன்று தோன்றுவதற்கு, அவற்றைச் சார்ந்திருந்த நம்பிக்கை முன்னதாக விலகவேண்டியிருந்தது. மண்சுவரைக் கையால் துளைத்துச் சென்ற அந்த மாலைச் செயல் அதற்கான முதல் ஆயத்தங்களுள் ஒன்றாக அமைந்தது.